மடியில் தொடங்கும் சாத்திர தானம்



இல்லறத்தில் நின்று அருகன் நெறியில் ஒழுகும் நமக்கு முன்னோர் இட்ட பெயர் சிராவகர் என்பதாகும். பழந்தமிழ்க் காப்பியங்கள் அதனைச் சாவகர் என வழங்கும். அச்சொல்லின் நேர்ப்பொருள் கேட்பவர் என்பதே. கற்றவர் என்றோ பூசிப்பவர் என்றோ கொடுப்பவர் என்றோ நம்மை அழைத்திருக்கலாம், அவ்வாறு அழைத்திலர். நம் ஆகமத்திற்கும் சுருதம் என்றே பெயர். கேட்கப்பெற்றது என்பது அதன் பொருள். சமவசரணத்தில் ஜினபகவானின் திவ்யத்வனி எழுந்தபோது அங்கே ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. கணதரர் கேட்டனர்; அவர் வழிவந்த முனிவர் கேட்டனர்; ஏடு மிகப் பிற்பட்டே வந்தது. தமிழிலும் ஆசிரியரிடத்துக் கற்பதைப் பாடம் கேட்டல் என்றே சொல்கிறோம். நன்னூல் செய்த நம் பவணந்தி முனிவர், மாணாக்கன் பாடம் கேட்க வேண்டிய முறையைத் தம் நூலின் பாயிரத்திலேயே வகுத்து வைத்தார்.

இத்தகைய மரபில் வந்த நம் வீட்டுக் குழந்தைகள் இன்று எதனைக் கேட்கின்றனர் என்பதையே இவ்வுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

குமணன்சாவடியிலும், அதனை அடுத்த பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும் நம்மவர் குடும்பங்கள் உள்ளன. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களில் நிலமும் ஜிநாலயமும் இருக்க, பிழைப்பு நாடி வந்தவர்களின் வழியினர் இவர்கள். பாட்டனார் ஆவடித் தொழிற்சாலையிலோ அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ பணி செய்தார். மகன் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் ஆங்கில வழியில் பயில்கின்றனர். காலத்திற்கேற்ற மாற்றம் அது; அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஆறாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி, பாட்டியார் நாள்தோறும் ஓதும் தமிழ்த் தோத்திர நூலைக் கொண்டுவந்து, "இதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தாருங்கள், நானும் சொல்கிறேன்" என்று நம்மிடம் கேட்டாள். ஓத வேண்டும் என்னும் விருப்பம் அவளுக்கு இருக்கிறது. நாவும் தமிழ் நாவே. கண் மட்டும் தமிழ் எழுத்தைக் கண்டு நின்றுவிடுகிறது. சீவக சிந்தாமணியையும் நாலடியாரையும் சூடாமணி நிகண்டையும் தமிழுக்கு அளித்த சமயத்தின் பெண்குழந்தை அவள். இன்னும் ஒரு தலைமுறை இவ்வாறு கழிந்தால் அந்நூல்களை நம் வீடுகளில் பிரித்துப் பார்ப்பதற்கும் ஆள் இராது.

இதற்கு மருந்து தனிப்பயிற்சி வகுப்பு என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். எழுத்து அட்டவணை ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகின்றனர். மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து அகரத்தை நூறு முறை எழுத வைப்போரும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஒன்று இருக்கிறது. குழந்தையை மடியில் இருத்தி, நூலை விரித்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுவதே அது.

இது புதிய முறையன்று. கரும பூமியின் தொடக்கத்தில் ஆதிபகவன் விருஷப தேவர் தம் மகளிர் பிராம்மி, சுந்தரி இருவரையும் மடிமீது அமர்த்திக்கொண்டு, ஒருத்திக்கு எழுத்தையும் ஒருத்திக்கு எண்ணையும் கற்பித்தார் என்று மகாபுராணம் கூறும். இவ்வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெண்கல்வியின் பெருமையைப் பேசும் மேடைகளில் தவறாது சொல்லவும் செய்கிறோம். அவர் அவர்களை எங்கே அமர்த்தினார் என்பதை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். அரசர் அவர், அரண்மனையில் கல்விச்சாலை அமைக்க இயலாதவர் அல்லர். மகளிரை மடியில் ஏற்றிக்கொண்டார். தந்தையின் குரலும் உடல் வெம்மையும் எழுத்தும் ஒருங்கே குழந்தையை அடைகின்றன. எழுத்து அச்சம் தருவதாக இல்லாமல் அன்பின் ஒரு பகுதியாக உள்ளே செல்கிறது. இக்கால ஆசிரியப் பயிற்சி நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதும் ஏறத்தாழ இதனையே.

தமிழ்க் குழந்தைக்கு இவ்வாறு படித்துக் காட்டுதல் பிறமொழிக் குழந்தைகள் பலருக்கு வேண்டுவதினும் மிகுதியாக வேண்டும் என்பது 35 ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளிச் சிறாரோடு இருந்து நாம் கண்ட உண்மை. ஏன் எனில், நாம் பேசும் தமிழ் வேறு, நூலில் உள்ள தமிழ் வேறு. வீட்டில் "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்ட குழந்தை, பள்ளியில் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்னும் தொடரை எதிர்கொள்கிறது. "எல" என்று அது அறிந்த பொருள் நூலில் இலையாக இருக்கிறது. "வேணும்" என்பது வேண்டும் என்று நிற்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பின்னரும் அச்சொல் தான் அறிந்த சொல்தான் என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. எழுத்தைத் திறந்து உள்ளே சென்றால் அங்கே அயலார் ஒருவர் அமர்ந்திருப்பது போல் ஆகிறது. ஆகவே அது சோர்ந்துவிடுகிறது. நாம் அதனை மந்தம் என்று சொல்லிவிடுகிறோம். மாறாக, இரண்டு வயது முதல் நாள்தோறும் நூல்தமிழைச் செவியால் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, "வந்துவிட்டார்கள்" என்பது கதையில் வரும் பழகிய குரலாகிவிடும். எழுத்து பின்னர் வந்து அக்குரலோடு சேர்ந்துகொள்ளும்.

எழுத்தளவிலும் இத்தகைய நுட்பங்கள் உள. தமிழில் 247 எழுத்து என்று அஞ்ச வேண்டுவதில்லை. வடிவங்களைக் குழந்தை கற்றுவிடும். ஆயின் ககரம் ஒன்றே கடலில் ஓர் ஒலியும், பகலில் ஓர் ஒலியும், தங்கத்தில் ஓர் ஒலியும் பெறுகிறது. எங்கே எவ்வொலி என்பதைச் செவிதான் சொல்ல வேண்டும். ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னே எழுதுகிறோம்; அதன் ஒலியையோ பின்னே சொல்கிறோம். கெண்டை என்னும் சொல்லின் கீழ் விரலை ஓட்டியவாறு ஒருவர் படித்துக் காட்டாவிட்டால், முன்னே நிற்கும் அக்கொம்பைக் குழந்தை என்னவென்று கொள்ளும்? லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பெற்றோர் நாவில் இல்லாத ழகரத்தைப் பிள்ளை நாவில் தேடுகிறோம். நாம் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலத்தில் ஒவ்வொரு பாடக் குறிப்பிலும் மாதிரி வாசிப்பு என்னும் பகுதி கட்டாயம் இருக்கும். ஆசிரியை முதலில் தாமே நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே பிள்ளைகள். மேற்பார்வைக்கு வருபவர் பிள்ளை படிப்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்பதால், நாளடைவில் அப்பகுதி குறிப்பேட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது என்பது வேறு செய்தி.

எழுத்துப் பிழை எத்துணைப் பெரிது என்பதற்கு நம் மரபிலேயே சான்று உண்டு. கிர்நார் மலைக் குகையில் இருந்த தரசேனாசாரியர், தாம் கேட்டறிந்த ஆகமம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவன்று, தென்னாட்டுச் சங்கத்திலிருந்து இரு முனிவரை வரவழைத்தார். அவர்களைச் சோதிக்க ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். அவர்கள் ஓதியபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்று பல் நீண்டும், மற்றொன்று ஒற்றைக் கண்ணோடும் காட்சி தந்தன. தேவதை இவ்வாறு இராது, பிழை எழுத்தில் உள்ளது என்று உணர்ந்து இருவரும் திருத்தி ஓதினர். அவர்களே புஷ்பதந்தர், பூதபலி ஆசாரியர்கள். சட்கண்டாகமம் அவர்களால் ஏட்டில் ஏறியது. பூதபலி ஆசாரியர் நம் தமிழ்நாட்டிற்கு எழுந்தருளினார் என்று 816-இல் முற்றுப்பெற்ற தவலா உரை குறிப்பது நமக்குப் பெருமை. பிழையை அவர்கள் எவ்வாறு கண்டனர்? செம்மையான ஒலி அவர்தம் செவியில் முன்னரே இருந்தமையால் கண்டனர். பிள்ளைகளின் செவியில் செம்மையான ஒலியை வைக்காமல், அவர்கள் படிப்பில் பிழை காண்பது எவ்வகையில் நேர்மை?

இனி, எவ்வாறு படித்துக் காட்டுவது என்னும் வினா எழும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் சுவாத்தியாயத்தை ஐந்தாகப் பகுத்தார்: வாசனா, பிருச்சனா, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தர்மோபதேசம். படித்தல், வினவுதல், சிந்தித்தல், மீண்டும் மீண்டும் சொல்லுதல், பிறர்க்கு உரைத்தல் என்பன அவை. முனிவர்க்குரிய அகத்தவத்தை மழலையோடு ஒப்பிடுவதா என்று யாரும் வருந்த வேண்டா. குழந்தை இவ்வைந்தையும் தானே செய்கிறது, பெரியவர்தாம் தடுக்கின்றனர். கதையின் நடுவே "ஏன்?" என்று கேட்டால் "பேசாமல் கேள்" என்கிறோம். அவ்வினாவுக்காகவன்றோ கதை படிக்கிறோம்! நேற்றுப் படித்த அதே கதையை இன்றும் படி என்று அது பிடிவாதம் செய்தால் நமக்குச் சலிப்பு வருகிறது. குழந்தைக்கு ஆம்னாயத்தில் சலிப்பே இல்லை. இருபதாம் முறை கேட்கையில் அடுத்த சொல் இன்னதென்று அதற்குத் தெரிந்திருக்கும். அவ்விடத்தில் நாம் நிறுத்தினால் அதுவே முடித்து வைக்கும். அந்நேரத்தில் அதன் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர் மீண்டும் சலிப்புற மாட்டார்.

எம் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்த குடும்பத்தின் நான்கு வயதுப் பெண்குழந்தை, மாலையில் நாம் பேத்திக்குப் படிக்கும்போது வாயிற்படியில் வந்து நிற்கும். உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். மூன்று வாரம் சென்றபின் ஒரு நாள் அக்குழந்தை அந்த நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "குருவி பறந்து சென்றது" என்று தொடங்கிக் கதை முழுவதையும் சொல்லிற்று. அதன் வீட்டில் குருவி "பறந்து போச்சு" என்று சொல்வார்களேயன்றிச் சென்றது என்று சொல்வார் இல்லை. "படிக்கிற மாதிரி நடிக்குதும்மா" என்று தாய் சிரித்தார். நடிப்பு அன்று அது. நூலில் ஒரு மொழி இருக்கிறது, பக்கம் புரட்டினால் அது வரும், எப்போது திறந்தாலும் அதே சொல் இருக்கும் என்று மூன்று உண்மைகளை அக்குழந்தை கற்றுவிட்டது. எழுத்துகளைக் கற்பது எஞ்சிய பணி, அது எளிது.

உலகின் பிற பகுதிகளிலும் அறிஞர் இம்முடிவுக்கே வந்துள்ளனர். அமெரிக்காவில் வாசிப்பினை ஆராய்ந்த குழு 1985-இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தை பிற்காலத்தில் நன்கு படிப்பதற்கு வேண்டிய அறிவைத் தருவதில் படித்துக் காட்டுதலையே முதலிடத்தில் வைத்தது. 1989-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவர்கள், மருத்துவத்திற்கு வரும் மழலையர்க்குப் படநூல் ஒன்றையும் கையில் கொடுத்து, படித்துக் காட்டும்படி தாய்தந்தையர்க்குச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினர். அது பின்னர் அந்நாடெங்கும் பரவியது. நம் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தையும் சாத்திர தானத்தையும் அவர்கள் ஒரே அறையில் செய்தனர் எனலாம்.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் உள. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சு முதல் 2021 அக்டோபர் முடிய, முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வாயிலையே காணவில்லை. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையைக் காணாமலேயே இரண்டாம் வகுப்பிற்குச் சென்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம், 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியிலேதான் தொடங்கப்பெற்றது. 2023-இல் வாசிப்பு இயக்கம் என்னும் பெயரில் சிறு கதைநூல்கள் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பகுத்துள்ளனர். பெயரிட்டவர் குழந்தை நெஞ்சம் அறிந்தவர். பள்ளி தன் பங்கைச் செய்யட்டும். ஆனால் வகுப்பறையில் மடி ஒன்றுதான். குழந்தைகளோ முப்பது பேர்.

வீட்டில் நேரம் எங்கே என்பர். அன்பர்களே, பிறர் இதனைச் சொல்லலாம், நாம் சொல்லலாகாது. இரவுண்ணாமை நம் விரதம். கதிரவன் மறையுமுன் உணவை முடித்துவிடும் வீட்டில், அடுப்படி வேலையும் முன்னரே முடிந்துவிடுகிறது. உறங்கும்வரை இரண்டு மணி நேரமேனும் எஞ்சும். உயிர்க்கொலை அஞ்சி முன்னோர் வகுத்த நோன்பு, பக்கப்பயனாக நமக்குத் தந்த பொழுது அது. அப்பொழுதைத் தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டு, நேரமில்லை என்பது பொருந்துமா? அதில் கால் மணி நேரம் போதும். விரத வாழ்க்கை முற்றும் இயலாத பணிச்சூழலில் உள்ளவர்கள், உறங்கச் செல்லும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் நன்றே.

கைப்பேசியே கதை சொல்கிறதே என்று இளம் தாய் ஒருவர் கேட்டார். சொல்கிறது, குரலும் இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் குழந்தை "ஏன்?" என்று கேட்டால் அந்தக் கதை நிற்பதில்லை. குழந்தை தூங்கி விழுந்தாலும் அதற்குத் தெரிவதில்லை. எமக்கே தமிழ் படிக்க வராதே என்று இன்னொருவர் நாணினார். ஆங்கில நூலையேனும் படியுங்கள், தமிழில் அக்கதையைச் சொல்லுங்கள் என்றோம். குழந்தையோடு சேர்ந்து தாமும் கற்பவர் உண்டு. அதில் நாணம் வேண்டா. எழுத்தறியாத பாட்டிமார் படங்களைக் காட்டி வாய்மொழியாகச் சொல்வதும் இவ்வறத்தின்பாற்பட்டதே. காட்டுத்தீயில் எரியாது எஞ்சிய மரப்பொந்து ஏட்டைப் பேணி, முனிவர்க்கு அளித்த ஆயன் மறுபிறவியில் குந்தகுந்தர் ஆனார் என்று கதை கூறும். அந்த ஆயனுக்குப் படிக்கத் தெரிந்திருந்ததாக யாரும் சொல்லவில்லை.

வீட்டிற்கு வெளியிலும் எழுத்து நமக்காகக் காத்திருக்கிறது. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று நம் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்துப் பெயர்ப்பலகைகள். பேருந்தில் செல்கையில் மூன்றையும் விரல்சுட்டிப் படித்துக் காட்டுங்கள். மூன்றிலும் முடிவு ஒன்றாக இருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். சாவடி என்றால் என்ன என்று வினவும். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய இடம் என்று சொல்ல நமக்கும் ஒரு வாய்ப்பு.

தத்துவார்த்த சூத்திரம் மற்றொன்றும் எச்சரிக்கிறது. அறிந்ததை மறைத்தல், பிறர் அறிவதைப் பொறாமை, அறிவுக்கு இடையூறு செய்தல் ஆகியவை ஞானாவரணீய கருமம் வந்து சேரும் வாயில்கள். நூலை அச்சிட்டுக் கட்டுக்கட்டாக அலமாரியில் பூட்டி வைத்தல் இவற்றுள் எதில் சேரும் என்று நம் சங்கங்கள் எண்ணிப் பார்க்கட்டும். மூடுபித்ரியில் தவலா முதலிய சித்தாந்த ஏடுகள் பல நூற்றாண்டுகள் தரிசனத்திற்கு மட்டுமே எடுத்து வைக்கப்பெற்றன. பட்டுத்துணியை விலக்கி வணங்கிவிட்டு மீண்டும் மூடினர். பேணிக் காத்த அவர்களை நன்றியுடன் நினைக்கிறோம். எனினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கத் தொடங்கி, 1939-இல் முதல் தொகுதி அச்சேறிய பின்னரே அச்சுருதம் மீண்டும் உலகின் செவிக்கு எட்டியது.

நேர்மாறான காட்சி ஒன்றும் நம் தமிழகத்தில் பதிவாகியுள்ளது. 1880-க்குப் பின் கும்பகோணத்தில் சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், அந்நகரத்து ஜைனர் இல்லம் ஒன்றிற்குச் சென்றபோது வாயிலில் தோரணம் கட்டியிருக்கக் கண்டார். திருமணமோ என்று எண்ணத்தக்க அக்கோலம், பல மாதமாகப் படித்துக் கேட்டு வந்த சிந்தாமணி நிறைவுற்றமைக்காக! ஏடு தேடி அலைந்த அவர், அந்நூல் ஒரு வீட்டின் குரலாக வாழ்வதை அங்கே அறிந்தார். 1887-இல் அவர் பதிப்பித்த சிந்தாமணிக்கு இவ்வாறு கேட்டறிந்த நம்மவரின் துணையும் இருந்தது.

சிந்தாமணியில் சிறார்க்கு ஆகாத பகுதிகள் பல உண்டு; மணநூல் என்று அதற்குப் பெயர் இருப்பதை மறவாதீர். ஆனால் சச்சந்தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புவதும், இருளில் அது சுடுகாட்டில் இறங்குவதும், இறக்கும் நாய்க்குச் சீவகன் பஞ்ச மந்திரம் ஓதுவதும் எந்தக் குழந்தையையும் கட்டிப்போடும். எளிய உரைநடையில் எழுதிக்கொண்டு படிக்கலாம். ஸ்ரீபுராணத்தின் மணிப்பிரவாள நடை பெரியவர்க்கே கடினம்; அதனை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வரும் சுருத பஞ்சமியன்று ஏடுகளையும் நூல்களையும் வெளியில் எடுத்துத் தூசு துடைத்துப் பூசிப்போம். பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் மேல்தட்டில் ஏற்றிவிட வேண்டா. மெல்லிய படநூல்கள் சிலவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில் வைத்துவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அன்று மாலை குமணன்சாவடியில் எம் இல்லத்தில் குழந்தைகளை அமர்த்தி மயிற்பொறிக் கதையைப் படிக்க எண்ணியுள்ளோம். நம்மவர் பிள்ளைகள், அடுத்த வீட்டார் பிள்ளைகள், வேலைக்கு வருவோர் பிள்ளைகள் யாவரும் வரலாம். ஐந்தரை மணிக்கு உணவு. கதிர் மறைந்தபின் கதை.